ஊசி சொன்னதும் படம் சொன்னதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மினியாபொலிஸில் பொட்டி தட்டிப் பிழைப்பவன். சொந்த ஊர் திருச்சானூர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு என்று வளர்ந்த சித்தூர் ஜில்லாத் தமிழன். (இப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது.)

2024 கார்த்திகை. ஊரில் தாயாருக்குப் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. தங்கச்சி வாட்ஸப்பில் இரண்டு காகிதங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒன்று அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட், ஏழு மாதம் பழையது. அதில் கான்சர் இல்லை. இன்னொன்று அன்றைக்கு வந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதில் கான்சராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று இருந்தது. ஒரே மனுஷர், ஒரே சுரப்பி. போன் போட்டால் அப்பா வாங்கிக் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டுல எதுப்பா நெசம்?"

பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தவன் மூன்று மாதம் படித்தேன். அந்தக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி நான் தினம் ரயிலில் கடந்து போகும் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். உங்கள் அப்பாவுக்கோ மாமனாருக்கோ என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

*

ப்ராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. வயது ஏற ஏறப் பெருக்கும். பெருத்தால் குழாய் நெருங்கும், ராத்திரியில் நாலு தரம் எழுந்திருக்க வேண்டிவரும். இது கான்சர் இல்லை, வெறும் வீக்கம். ஆனால் கான்சர் வந்தாலும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாது.

அப்பா இரண்டு வருஷமாகத் திருமலைக்குப் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் முழங்கால் இல்லை. தர்ம தரிசன வரிசையில் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார முடியவில்லை. நம் அப்பாக்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். எதற்குப் போவதை நிறுத்தினார்கள் என்று பார்த்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லண்டனில் ஆடம்ஸ் என்ற சர்ஜன் 1853-ல் இந்தக் கான்சரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியபோது, இது மிக அபூர்வமான நோய் என்று குறிப்பிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது தலைகாட்டும் வயதுவரை அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? இருந்தவர்களையும் பார்க்க ஒரே வழி, மலக்குடல் வழியாக டாக்டரின் விரல். விரலுக்குக் கல் மாதிரித் தட்டுப்பட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்ப்பது 1920களிலும் 30களிலும் வந்தது. நியூயார்க்கில் ஃபெர்குசன் 1930-ல் ஊசியால் உறிஞ்சி எடுத்தார். 1937-ல் அஸ்ட்ரால்டி என்பவர் மலக்குடல் வழியாகவே ஊசியை விட்டார். எல்லாமே விரலுக்குத் தட்டுப்பட்ட கட்டியில் குத்துவதுதான். அதாவது கான்சர் எங்கே என்று முதலில் தெரிய வேண்டும், பிறகுதான் ஊசி.

இதற்கு நடுவில், 1935-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச் என்பவர் வேறொரு வேலை செய்தார். வேறு ஏதேதோ காரணத்தால் இறந்துபோன, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 292 ஆண்களின் ப்ராஸ்டேட்டைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பார்த்தார். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குள் சின்னதாகக் கான்சர் இருந்தது. பெரும்பாலும் உயிரோடு இருந்தவரை யாருக்கும் தெரியாமலே இருந்த கான்சர். இந்தக் கட்டுரை முழுக்க உங்கள் மனசில் இருக்க வேண்டிய விஷயம் இது. ப்ராஸ்டேட் கான்சரில் தூங்குகிறது ஒன்று, எழுந்து கடிக்கிறது ஒன்று. ஆகவே 'இருக்கிறதா' என்று கேட்டால் போதாது, 'எந்த மாதிரி' என்றும் கேட்க வேண்டும்.

*

எந்த மாதிரி என்று சொல்ல ஒரு பாஷை உண்டாக்கியவர் எங்கள் மினியாபொலிஸ்காரர், டொனால்ட் க்ளீசன். டவுன்டவுனிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போகும் ப்ளூ லைன் ரயிலில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கே பெத்தாலஜிஸ்டாக இருந்தவர். (கட்டடம் அவர் காலத்தது இல்லை, பிறகு கட்டினது.) அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள் 1960களில் ஒன்று சேர்ந்து, ப்ராஸ்டேட் கான்சருக்கு எந்த வைத்தியம் மேல் என்று ஆராய ஆரம்பித்தன. அதற்கு, யாருடைய கான்சர் எவ்வளவு மோசம் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டும். அந்த வேலை க்ளீசனிடம் வந்தது.

அவர் செய்ததைப் பார்த்தால் நம் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். செல் ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. குறைந்த பெருக்கத்தில் வைத்து, சுரப்பிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று மட்டும் பார்த்தார். ஒழுங்காக இருந்தால் 1, முழுக்கக் குலைந்து கிடந்தால் 5. அவர் கையால் வரைந்த அந்தப் படம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஒரே ஆளின் சதையில் இரண்டு விதம் கலந்திருப்பதைக் கவனித்தவர், எது அதிகம், அடுத்து எது என்று இரண்டையும் கூட்டினார். 3+4=7 என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்களே, அதுதான். 270 நோயாளிகளை வைத்து 1966-ல் வெளியிட்டார். பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தும் கணக்கு நின்றது. கூட்டுத்தொகை ஏற ஏறச் சாவும் ஏறியது. நடுவே சில திருத்தங்கள் வந்தன, 2014-ல் அதையே ஐந்து வகுப்புகளாகச் சுருக்கினார்கள். அடித்தளம் அவர் போட்டதுதான். க்ளீசன் 2008-ல் காலமானார். நான் இந்த ஊருக்கு வந்து அப்போது இரண்டு வருஷம். பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். க்ளீசன் நம்பர் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது ஸ்லைடில் வந்த சதைக்குத்தான். ஸ்லைடுக்கு வராத சதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

*

அடுத்து வந்தது ரத்தப் பரிசோதனை, பி.எஸ்.ஏ. ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். 1979-ல் பஃபலோவில் உள்ள ராஸ்வெல் பார்க்கில் மிங் சூ குழுவினர் பிரித்தெடுத்தார்கள். 1986-ல் வைத்தியம் எடுத்துக்கொண்டவர்களைக் கண்காணிக்கவும், 1994-ல் கான்சரைக் கண்டுபிடிக்க உதவவும் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆனால் இது கான்சரின் புரதம் இல்லை, ப்ராஸ்டேட்டின் புரதம். வீக்கம் இருந்தாலும் ஏறும், கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். 1970-லேயே ப்ராஸ்டேட்டில் இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஆப்லின், 2010-ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதி, இந்தப் பரிசோதனையைக் கண்டபடி எல்லோருக்கும் செய்வதைத் திட்டித் தீர்த்தார்.

பி.எஸ்.ஏ. வந்ததும் ஒரு விசித்திரமான நிலைமை. நம்பர் ஏறியிருக்கிறது, விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஊசியை எங்கே குத்துவது?

அதற்குள் ஜப்பானில் வதனபே என்பவர் மலக்குடல் வழி அல்ட்ராசவுண்டைக் கொண்டுவந்திருந்தார். (ஆரம்பகால இயந்திரத்தில் நோயாளியை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள், கருவி கீழேயிருந்து மேலே வரும். மேற்கொண்டு வர்ணிக்கவில்லை.) அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் உருவம் நன்றாகத் தெரிந்தது. கான்சர்தான் பெரும்பாலும் தெரியவில்லை. 1989-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜ், மெக்நீல், ஸ்டேமி முதலானோர் ஒரு பரிசோதனை செய்தார்கள். சந்தேகமான இடத்தைக் குறிபார்த்துக் குத்துவது ஒரு பக்கம். எதையும் பார்க்காமல் சுரப்பி முழுக்கப் பரவலாக ஆறு இடத்தில் குத்துவது இன்னொரு பக்கம். ஜெயித்தது பரவலாகக் குத்தியதுதான்! அன்றிலிருந்து உலகம் முழுக்க அதுவே முறை ஆனது. ஆறு பிறகு பன்னிரண்டு ஆனது.

இதைத் தங்கச்சிக்கு விளக்க நான் சொன்ன உதாரணம் திருமலை லட்டு. பெரிய கல்யாண லட்டு ஒன்றைத் துணி போட்டு மூடி, மேலே தையல் ஊசியால் பன்னிரண்டு இடத்தில் குத்து. ஊசியில் முந்திரி வந்தால் முந்திரி இருக்கிறது. வரவில்லை என்றால்? லட்டில் முந்திரி இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா? பயாப்சி ஊசியில் வருவது நூல் தடிமனில் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளத் துண்டு. பன்னிரண்டையும் சேர்த்தாலும் பெருத்த சுரப்பியில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் மலக்குடல் பக்கமிருந்து போகும் ஊசிக்குச் சுரப்பியின் பின்பக்கம் கிட்டும், முன்பக்கம் எட்டாது. கான்சரில் நூற்றுக்கு எழுபது பின்பக்க ஓரத்தில்தான் வரும் என்பதால் இது பெரும்பாலும் ஓடிவிடும். மீதி முப்பதில் நம் வீட்டு ஆள் இருந்தால்தான் வம்பு.

"முந்திரி சரி, சாமி பிரசாதத்தப் போய் ஊசியில குத்துவியா?" என்றார் பின்னாலிருந்து அப்பா.

*

எம்.ஆர்.ஐ. கதை எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். கட்டியில் உள்ள தண்ணீரும் நல்ல சதையில் உள்ள தண்ணீரும் காந்தப்புலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்று 1971-ல் டமேடியன் எழுதினார். அதைப் படமாக்கும் வழியை 1973-ல் லாட்டர்பர் காட்டினார். அவர் கட்டுரையை நேச்சர் பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பியது. 2003-ல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. டமேடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். 1982-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ப்ராஸ்டேட்டை இந்த முறையில் படமெடுத்து வெளியிட்டார்கள். இந்தியாவுக்கு முதல் இயந்திரம் 1986-ல், டெல்லியில் ராணுவ ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த இன்மாஸ் நிறுவனத்துக்கு வந்தது.

ஆனால் அடுத்த இருபது வருஷம் எம்.ஆர்.ஐ.க்குக் கிடைத்தது எடுபிடி வேலைதான். பயாப்சியில் கான்சர் என்று தெரிந்த பிறகு, அது சுரப்பியைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மட்டும். அதிலும் ஒரு கூத்து. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும், அது படத்தைக் குழப்பும். ஆறு எட்டு வாரம் காத்திருந்து எடுக்க வேண்டும். ஊசி முதலில், படம் பிறகு என்று வைத்ததால் ஊசியே படத்தைக் கெடுத்தது. வரிசையை மாற்றினால் என்ன என்று கேட்கப் பலருக்குத் தோன்றவில்லை.

தோன்றியவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. டெல்லி எய்ம்ஸில் என்.ஆர். ஜகந்நாதன், ராஜீவ் குமார் முதலானோர் அடங்கிய குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நல்ல ப்ராஸ்டேட் சதை சிட்ரேட் என்ற பொருளை ஏராளமாகச் சேர்த்து வைக்கும். கான்சர் வந்த சதையில் சிட்ரேட் குறைந்து, கோலின் என்ற பொருள் ஏறும். காந்த இயந்திரத்தை வைத்துச் சதையின் இந்த ரசாயனத்தையே அளக்கலாம், அதற்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று பெயர். பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை இருந்தவர்களையும் விரல் பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்களையும் பயாப்சிக்கு முன்பே இப்படி அளந்து, ரசாயனம் மாறியிருந்த இடத்தை நோக்கி ஊசியை விட்டார்கள். படம் முதலில், ஊசி அது காட்டிய இடத்தில். லண்டன்காரர்களின் பெரிய ஆய்வு வெளியாவதற்குப் பத்து வருஷம் முன்பு! ஸ்பெக்ட்ராஸ்கோபி பிறகு வழக்கொழிந்துவிட்டது. எடுப்பதும் கஷ்டம், படிப்பதும் கஷ்டம். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

ஸ்பெக்ட்ராஸ்கோபியின் இடத்தைப் பிடித்தது டிஃப்யூஷன் என்ற முறை. 1980களில் பிரான்ஸின் லெ பியான் வளர்த்தது. பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரக் குளக்கரையில் நின்றிருக்கிறீர்களா? மற்ற நாளில் கையை வீசி நடக்கலாம். அன்றைக்கு ஒரு அடி நகர முடியாது. கான்சர் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் நடுவிலுள்ள தண்ணீர் அப்படித்தான் நகர முடியாமல் நிற்கும். எங்கே தண்ணீர் நகரவில்லை என்று இயந்திரம் காட்டிவிடும். 2012-ல் ஐரோப்பிய ரேடியாலஜிஸ்டுகள் படம் பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பை-ராட்ஸ் என்று பெயர். இடையில் அமெரிக்கர்களும் சேர்ந்து திருத்தி, 2019-ல் மறுபடி செப்பனிட்டார்கள். 4, 5 என்றால் சந்தேகம் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் படத்தில் 4. இடம், சுரப்பியின் முன்பக்கம்.

*

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் நீதிபதி ஒருவர் வேண்டும். பல வருஷம் பயாப்சியையே நீதிபதியாக வைத்து எம்.ஆர்.ஐ.யைச் சோதித்தார்கள். படம் கான்சர் என்று சொல்லி ஊசியில் வரவில்லை என்றால் 'படம் தப்பு' என்று குறித்துக்கொண்டார்கள். தப்பு ஊசியுடையதாக இருந்தால்? ஆபரேஷனில் முழுச் சுரப்பியை எடுத்துத் துண்டு போட்டு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஆனால் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் பயாப்சியில் ஏற்கெனவே மாட்டியவர்கள். மாட்டாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தது பிரிட்டனில் நடந்த ப்ராமிஸ் ஆய்வு. ஹாஷிம் அகமது, மார்க் எம்பர்டன் குழு, 2017 லான்செட்டில் வந்தது. பி.எஸ்.ஏ. ஏறியிருந்த, அதுவரை பயாப்சியே செய்யாத 576 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ., வழக்கமான பயாப்சி, இரண்டையும் விடப் பெரிய நீதிபதியாக மூன்றாவது ஒன்று. மயக்க மருந்து கொடுத்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாக, சல்லடைக் கண் மாதிரி 5 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று சுரப்பி முழுக்க ஊசி. லட்டு முழுவதையும் குத்திப் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனையின் முடிவு அடுத்ததைச் செய்பவருக்குத் தெரியாது. அந்த 576 பேரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கடிக்கிற வகைக் கான்சர் 230 பேருக்கு இருந்தது. (க்ளீசன் 4+3 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஒரு துண்டில் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கான்சர் என்று வரையறுத்திருந்தார்கள்.) அப்படிப்பட்டவர்களில் எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது நூற்றுக்கு 93. வழக்கமான பயாப்சி கண்டுபிடித்தது நூற்றுக்கு 48. உலகம் முழுக்க முப்பது வருஷம் நீதிபதி நாற்காலியில் இருந்தவர் பாதிக் குற்றவாளிகளைக் கோட்டை விட்டிருக்கிறார்.

ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். கடிக்கிற வகை இல்லாதவர்களைச் சரியாக 'இல்லை' என்று சொன்னதில் பயாப்சி நூற்றுக்கு 96, எம்.ஆர்.ஐ. நூற்றுக்கு 41. அதாவது படம் நிறைய பேரைச் சும்மா பயமுறுத்துகிறது. அதேபோல் படம் 'சந்தேகமில்லை' என்று சொன்னவர்களிலும் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு உள்ளே விஷயம் இருந்தது.

அடுத்த வருஷம், 2018-ல், நியூ இங்கிலாந்து ஜர்னலில் ப்ரிசிஷன் ஆய்வு. முதல் பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்: வீரு காசிவிஸ்வநாதன், லண்டன். 11 நாடுகளில் 500 ஆண்கள். பாதிப் பேருக்கு வழக்கம்போல் பரவலாக ஊசி. மீதிப் பேருக்கு முதலில் படம், சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் ஊசி, சந்தேகம் இல்லையென்றால் ஊசியே இல்லை. கடிக்கிற கான்சர் படம் பார்த்த குழுவில் நூற்றுக்கு 38 பேருக்குக் கிடைத்தது, மற்றதில் 26. தூங்குகிற கான்சர், அதாவது தெரிந்தால் தூக்கம் போவதைத் தவிரப் பிரயோஜனம் இல்லாதது, படக் குழுவில் 9, மற்றதில் 22. படக் குழுவில் நாலில் ஒருவருக்கு மேல் ஊசியே தேவைப்படவில்லை.

1989-ல் குறிபார்க்காதே, பரவலாகக் குத்து என்றது விஞ்ஞானம். 2018-ல் குறிபார் என்றது. இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. நடுவில் மாறியது கண்.

இதே காசிவிஸ்வநாதன் குழு 2025-ல் ப்ரைம் ஆய்வை வெளியிட்டது. சாய ஊசி போடாமல் எடுக்கும் குறுகிய எம்.ஆர்.ஐ.யே போதும், கண்டுபிடிப்பதில் சளைக்கவில்லை என்று காட்டினார்கள். படத்தின் தரமும் பார்க்கிறவரின் அனுபவமும் நன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊர் ஸ்கேன் சென்டர் வரிசைகளை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

*

படத்தின் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சித்தூரில் எங்கள் சித்தப்பா கதை நேர் தலைகீழ். அவர் படத்தில் மார்க் 5. துபாயில் இருந்த பையன் லீவு போட்டு டிக்கெட் எடுத்துவிட்டான், சித்தி சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஊசி போட்டுப் பார்த்தால் கான்சர் இல்லை, டி.பி.! நுரையீரலில் மட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அதே காசநோய். ப்ராஸ்டேட்டில் அது உண்டாக்கும் முடிச்சு எம்.ஆர்.ஐ.யில் கான்சர் மாதிரியே கறுப்பாக, நெருக்கமாகத் தெரியும். ஆறு மாதம் மாத்திரை, ஆள் இப்போது ஜோர். அங்கே நெசம் சொன்னது ஊசி.

நம் நாட்டில் வீக்கமும் தொற்றும் அதிகம் என்பதால் மேல்நாட்டு வெட்டுக்கோடுகளை அப்படியே போடக்கூடாது என்று இந்திய டாக்டர்களே சொல்லி வருகிறார்கள். சிறுநீர்த் தொந்தரவோடு வருகிறவர்களுக்குப் பயாப்சிக்கான பி.எஸ்.ஏ. அளவை உயர்த்த வேண்டும் என்று லக்னோ சஞ்சய் காந்தி நிறுவனத்தார் 2014-ல் எழுதினார்கள். மலக்குடல் வழி ஊசியில் கிருமி ரத்தத்துக்குப் போகும் ஆபத்தும் உண்டு. மருந்துக்கு மசியாத கிருமிகள் ஆசியப் பக்கம் அதிகம் என்பதால், இங்கே அமெரிக்காவில் பயாப்சிக்கு முன் சமீபத்தில் வெளிநாடு போனீர்களா என்று கேட்பார்கள். ஊருக்குப் போய்வந்த கையோடு பயாப்சிக்குப் போகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

*

அப்பா தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். பார்சல் வந்தால் 'பெறப்பட்ட நிலையில்' என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பழைய பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடி வாசித்தவர் அவர்தான். ஒரு நாள் போனில் கூப்பிட்டார்.

"டேய், இதுல கான்சர் இல்லன்னு எங்க போட்டிருக்கு? 'அனுப்பப்பட்ட திசுவில் கான்சர் இல்லை'ன்னு இல்ல போட்டிருக்கான்?"

உண்மை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் தனக்கு வந்த பன்னிரண்டு துண்டைப் பற்றி மட்டும் நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு "ஏமீ லேதண்டி" என்று சிரித்த முகத்தோடு அனுப்பியது வேறொருவர். ஒன்றுமில்லை என்று கேட்டதும் எல்லோரும் மூச்சு விட்டோம். ஏழு மாதம் யாரும் பி.எஸ்.ஏ. பார்க்கவில்லை, 9.2 என்பது 13 ஆகியிருந்தது. கோபம் யார் மேல் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. ரிப்போர்ட் என் மெயிலிலும் ஏழு மாதம் இருந்ததே.

2025 தை மாதம் இரண்டாவது பயாப்சி, இந்தத் தடவை தோல் வழியாக. வழக்கமான பன்னிரண்டு துண்டு, கூடவே படம் காட்டிய முன்பக்கத்தில் மூன்று. பன்னிரண்டிலும் மறுபடி ஒன்றுமில்லை. மூன்றில் இரண்டில் இருந்தது. க்ளீசன் 3+4=7.

இது உடனே உயிரை எடுக்கும் ரகம் இல்லை. பிரிட்டனில் 1,643 பேரைச் சராசரியாகப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த ப்ரொடெக்ட் ஆய்வு 2023-ல் வந்தது. கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு எதுவானாலும் இந்தக் கான்சரால் இறந்தவர்கள் மொத்தம் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அப்பாவுக்கு அதைத் தமிழில் எழுதி அனுப்பினேன். 73 வயதில் சும்மா கண்காணிக்கலாமா, வைத்தியம் எடுக்கலாமா என்று மாப்பிள்ளையும் தங்கச்சியும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஊரிலேயே முடியுமா?

நான் ஊரை விட்டு வந்தபோது முடிந்திருக்குமா தெரியாது. 1960-ல் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி, 1986-ல் என்.டி.ஆர். அடிக்கல் நாட்டி 1993-ல் தேவஸ்தானத்தின் ஆதரவோடு இயங்கத் தொடங்கிய ஸ்விம்ஸ் என்று திருப்பதிக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள் உண்டு. ஆனாலும் எங்கள் வீட்டில் பெரிய வியாதி என்றால் வேலூர் பஸ் ஏறுவதுதான் வழக்கம். 2022 மே மாதம் டாட்டா அறக்கட்டளை திருப்பதியில் கான்சருக்கென்றே தனி ஆஸ்பத்திரி திறந்தது. கட்டியது அவர்களின் அலமேலு அறக்கட்டளை. பெயரைச் சொன்னதும் அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திருச்சானூருக்கே இன்னொரு பெயர் அலமேலுமங்காபுரம் ஆயிற்றே.

கதிர்வீச்சு இருபது நாள், ஆறு மாதம் ஹார்மோன் ஊசி, எல்லாம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்வந்தே முடிந்தது. களைப்பும் வியர்வையும் இருந்தது. கோபம் அதிகமாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள், அவர் முன்னமே அப்படித்தான் என்று தங்கச்சி சொல்கிறாள். பி.எஸ்.ஏ. இறங்கியிருக்கிறது. ஒரு பழைய தபால் ஃபைலில் இரண்டு பயாப்சியையும் எம்.ஆர்.ஐ.யையும் தேதி வரிசைப்படி குத்தி வைத்திருக்கிறார். முதல் ரிப்போர்ட்டில் 'அனுப்பப்பட்ட திசுவில்' என்ற இடத்தில் மட்டும் சிவப்பு மையில் கோடு. அடுத்த ரத்தப் பரிசோதனை மாசி கடைசியில்.